குளத்து நீரும் கட்புலனாகா ஒளியும்

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தின் ஒரு மூலையிலே சிறு குளம் அமைத்து, அதில் ஆம்பல் நட்டு, பொன்மீன் விட்டு, மாலை வேளையில் அதன் கரையிலிருந்து இளைப்பாறுவது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அவர்கள் ஆண்டுதோறும் சந்திக்கும் தொல்லை ஒன்றுண்டு. குளிர்காலம் முழுவதும், அடியிலுள்ள கூழாங்கற்களை எண்ணிவிடலாம் என்னும்படி தெளிந்து கிடந்த நீர், ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறத் தொடங்கியதும் சில நாட்களுக்குள் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் ஆகிவிடும். மீன்கள் உயிரோடிருக்கின்றனவா என்பதைக்கூட இரை தூவிப் பார்த்தே அறிய வேண்டும். நீரை இறைத்துவிட்டுப் புதுநீர் நிரப்பினாலும் பெரும்பாலும் பயனில்லை. இரண்டொரு வாரத்தில் பச்சை நிறம் திரும்பிவிடும்.

அந்தப் பச்சை நிறம் அழுக்கன்று, அது உயிர். தனியொரு கலத்தாலான நுண்பாசி, கண்ணுக்குத் தெரியாத அளவினதாய், ஒரு துளி நீரில் ஆயிரக்கணக்காகப் பெருகி மிதப்பதே அந்நிறத்துக்குக் காரணம். அதற்கு வேண்டியவை வெயிலும், மீனின் கழிவிலிருந்து கரையும் நைத்திரேற்று, பொசுபேற்று உப்புக்களுமே. ஆம்பலிலை நீரின் மேல் விரிந்து நிழல் செய்யும்வரை அதனைத் தடுப்பார் இல்லை. துணியாலோ மணலாலோ வடித்தெடுக்க முயன்றால், மிகச் சிறிய அக்கலங்கள் இடுக்கெல்லாம் புகுந்து தப்பிவிடும்.

இத்தொல்லைக்கு மருந்தாக இன்று கடைகளில் விற்கப்படுவது ஒரு கரிய குழாய். அதனுள்ளே விளக்கொன்று எரிகிறது. குளத்து நீரைப் பம்பியொன்று இழுத்து அவ்விளக்கைச் சுற்றிச் செலுத்துகிறது. ஓரிரு வாரத்தில் குளம் தெளிகிறது. வெயிலொளியாற் பெருகிய பாசியை இன்னோர் ஒளியால் வெல்வது விந்தையன்றோ? அவ்வொளியை மனிதர் கண்டறிந்த வரலாறு இரண்டு நூற்றாண்டு நீளமானது. அதிலே தோட்டக் குளம் மிகப் பிந்தி வந்த அத்தியாயம்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர், ஞாயிற்றொளியை அரியத்தின் வழியே செலுத்தி நிறமாலையாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறிற்று. இச்செய்தி ஜேர்மனியிலுள்ள யேனா நகரை எட்டியபோது, அங்கே வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்த யோகான் வில்லெம் றிற்றர் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர் ஓர் ஊகம் செய்தார். இயற்கையில் எதற்கும் எதிர்முனை ஒன்றுண்டு என்பது அவரது உறுதியான கொள்கை. சிவப்பின் அப்பாற் புறத்தில் காணா ஒளி இருக்குமாயின், ஊதாவின் அப்பாற் புறத்திலும் ஒன்று இருந்தே தீரவேண்டும். ஒளிபட்டாற் கறுக்கும் வெள்ளிக் குளோரைட்டைத் தாளிலே பூசி, நிறமாலையின் கீழ் வைத்தார். ஊதா நிறம் முடிந்த இடத்துக்கு அப்பால், கண்ணுக்கு இருளாகத் தோன்றிய பகுதியிலேதான் தாள் மிக விரைவாகக் கறுத்தது. இது 1801இல் நிகழ்ந்தது. ஊதாக் கடந்த கதிர் எனவும், கழியூதாக் கதிர் எனவும், புற ஊதாக் கதிர் எனவும் தமிழிலே வழங்கப்படுவது இதுவே. கொள்கையின் அடிப்படை வலுவற்றது, விளைவோ மெய்யானது. விஞ்ஞான வரலாற்றில் இவ்வாறு நேர்வது அரிதன்று. றிற்றர் 1810இல், முப்பத்துமூன்று வயதில், மியூனிக் நகரில் இறந்தார். தாம் கண்ட கதிர் உயிரைக் கொல்ல வல்லது என்பதை அவர் அறிந்திலர்.

அதனை அறிய மேலும் முக்கால் நூற்றாண்டு கழிந்தது. 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆதர் டவுன்ஸ் என்னும் மருத்துவரும், தோமஸ் பிளண்ட் என்னும் இரசாயனவியலாளரும் ஓர் எளிய சோதனையைச் செய்தனர். பாஸ்ரர் கரைசல் எனப்படும் ஊட்டநீரைக் கண்ணாடிக் குழாய்கள் பலவற்றில் ஊற்றினர். சிலவற்றை ஈயத் தகட்டினாற் சுற்றி மறைத்தனர். ஏனையவற்றை மறைக்காது விட்டனர். எல்லாவற்றையும் வெயிலில் வைத்தனர். மறைத்த குழாய்களிலே பற்றீரியாக் கிருமிகள் பெருகி நீர் கலங்கிற்று. வெயில் பட்ட குழாய்களோ தெளிந்தபடியே நின்றன. நிறக் கண்ணாடிகளை இடையே வைத்துப் பார்த்தபோது, நீலமும் ஊதாவும் சார்ந்த ஒளிக்கே வலிமை மிகுதி எனக் கண்டனர். கலங்கிய குழாயும் தெளிந்த குழாயும் அருகருகே நிற்கும் அந்தக் காட்சியிலேதான் தோட்டக் குளத்து விளக்கின் வித்து இருந்தது.

எனினும் அம்முடிவை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. புகழ்பெற்ற பௌதிக அறிஞராகிய ஜோன் ரிண்டல், அல்ப்ஸ் மலையின் வெயிலிலே தம் குடுவைகளை வைத்துப் பார்த்தார். அவையும் தெளிந்திருந்தன, ஆனாற் பின்னர் வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றியதும் கலங்கின. ஆகவே ஒளி கிருமியைக் கொல்லவில்லை, உறங்க வைத்ததேயாம் என்பது அவர் கருத்து. இருதிறத்தாரும் கண்டது பொய்யன்று. ஒளி கடக்க வேண்டிய கண்ணாடியை எவரும் ஐயுறவில்லை என்பதே குறை. சாதாரணக் கண்ணாடி கட்புலனொளியை விடுகிறது. கொல்லும் கதிர்களிற் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடுகிறது.

அந்த முடிச்சை அவிழ்த்தவருள் ஒருவர் இலங்கைக்குப் புதியவரல்லர். 1869 முதல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களை இலைத்துரு என்னும் நோய் தின்று வந்தது. அதனை ஆராயும்படி 1880இல் இங்கு அனுப்பப்பட்டவர் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர். இரண்டாண்டு தங்கி, அந்நோய் ஒரு நுண்பங்கசினால் விளைவது என்பதையும், அதன் வித்துக்கள் காற்றிலே பரவுவதையும், இடையீடின்றிக் கோப்பியே நட்ட மலைகள் அப்பரவலுக்கு வழி திறந்து விட்டதையும் அவர் தெளிவாக எடுத்துக் காட்டினார். தோட்டத் துரைமார் எதிர்பார்த்ததோ ஒரு மருந்து; அவர் கொடுத்ததோ ஒரு விளக்கம். மனக்குறையுடனேயே அவர்கள் அதனைப் பெற்றுக்கொண்டனர். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. கோப்பியை நம்பித் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வாழ்வும் அதனோடு மாறிற்று.

இங்கிலாந்து திரும்பிய வார்ட், பின்னர் றோயல் சங்கத்தாரின் வேண்டுகோளின்பேரில் நீரிலுள்ள பற்றீரியாக்களை ஆராயும் பணியில் ஈடுபட்டார். தேம்ஸ் நதி நீரே அவருடைய ஆய்வுப் பொருள். நதியிலே கலக்கும் கிருமிகளின் தொகை ஓட்டத்திற் குறைவதற்கு வெயில் காரணமாகலாமோ என்னும் வினா அங்கே எழுந்தது. 1892, 1893ஆம் ஆண்டுகளில், அந்திராக்சு நோயின் வித்திகளை ஊட்டப் பசையிலே கலந்து தட்டில் வார்த்து, எழுத்து வடிவாக வெட்டிய மறைப்பின் ஊடாக ஒளி விழச் செய்தார். பின்னர் தட்டைச் சூட்டறையில் வைத்தபோது, ஒளி விழாத இடமெல்லாம் கிருமி படர்ந்து மங்கலாயிற்று. ஒளி விழுந்த இடமோ எழுத்தின் வடிவாகத் தெளிந்து நின்றது. அடுத்து நிறமாலையையே தட்டின்மேல் விழுத்திப் பார்த்தார். சிவப்பும் மஞ்சளும் ஒன்றும் செய்யவில்லை. நீலத்திலே தொடங்கிய கொலை ஊதாவையும் கடந்து சென்றது. கண்ணாடிக்குப் பதிலாகக் குவாட்ஸ் என்னும் படிகக்கல்லைப் பயன்படுத்தியபோது அது இன்னும் அப்பாற் சென்றது. கிருமியை அழிப்பது வெப்பமன்று, ஒளியே. ஒளியிலும் கட்புலனாகாத பகுதியே முதன்மையானது என்பது ஐயமற நிறுவப்பட்டது.

இனி வேண்டியது விளக்கு. அமெரிக்கரான பீற்றர் கூப்பர் ஹியூவிற் 1901இல் பாதரச ஆவி விளக்கை வெளிக்கொணர்ந்தார். மூன்றாண்டுக்குள் ஜேர்மனியின் ஹனாவ் நகரில் றிச்சாட் கியூக் என்பவர் அவ்விளக்கைக் குவாட்ஸ் குழாயினுள் அமைத்தார். அதன் பின் ஊதாக் கடந்த கதிரை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் உண்டாக்குவது கைகூடிற்று. 1909இல் பிரான்சின் லியோன் நகரத்து அறிஞராகிய கூர்மோனும் நொசியேயும் குடிநீரை இவ்விளக்கினால் தூய்மையாக்கலாம் எனக் காட்டினர். அடுத்த ஆண்டு, 1910இல், மார்செய் துறைமுக நகரிலே அம்முறையில் இயங்கும் நிலையம் அமைந்தது.

மார்செய் நகருக்கு நீர் தருவது டியூரான்ஸ் ஆறு. மலையிலிருந்து வண்டலை வாரிக்கொண்டு வரும் ஆறு அது. கலங்கல் நீரிலே விளக்கின் கதிர் ஓர் அங்குலமும் செல்லாது. ஒவ்வொரு மண்துகளும் கிருமிக்குக் குடை பிடிக்கும். எனவே நீரை முதலில் வடித்துத் தெளிவித்த பின்னரே விளக்கிடம் விட வேண்டியிருந்தது. தமிழர் இல்லங்களிலே தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளியவைக்கும் பழைய வழக்கத்தை நேயர்கள் பலர் அறிந்திருப்பர். தேற்றாங்கொட்டை மண்ணைப் படிய வைக்கும். எஞ்சிய கிருமியைக் கொல்ல அதனை நம்பியிருக்க முடியாது. பாதரச விளக்கு கிருமியைக் கொல்லும். மண்ணை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தெளிவு என்பது ஒன்று, தூய்மை என்பது வேறொன்று. கண் முன்னதை மட்டுமே காணும். நீரைப் பற்றி மனிதர் பலமுறை ஏமாந்தது இவ்விடத்திலேதான்.

அமெரிக்காவிலும் 1916இல் கென்ரக்கி மாநிலத்து ஹென்டர்சன் நகரில் இம்முறை கையாளப்பட்டது. எனினும் இவ்விளக்குகள் நிலைக்கவில்லை. 1908 முதல் ஜேர்சி நகரின் நீரிலே குளோரீன் இடையறாது கலக்கப்பட்டு வந்தது. அது மலிவு, கையாள எளிது, அதைவிடச் சிறப்பு, குழாய் வழியே வீடுவரை நீருடன் செல்வது. விளக்கின் காவலோ விளக்கடியிலேயே முடிந்துவிடும். விளக்குகள் அடிக்கடி பழுதாயின; குவாட்ஸ் விலை மிகுந்தது. ஆகவே குளோரீன் வென்றது. உலகின் பெரும்பகுதியில் இவ்விளக்கு நெடுங்காலம் ஒதுங்கியே கிடந்தது. ஐரோப்பாவிலே சுவிற்சர்லாந்தும் ஒஸ்திரியாவும் 1950களின் நடுப்பகுதி முதல் அதனை மீண்டும் கைக்கொண்டன.

இதற்கிடையிலே, ஒளி எவ்வாறு கொல்கிறது என்னும் வினாவுக்கு விடை மெல்ல மெல்லக் கிடைத்தது. 1930 அளவில் பிரெடெரிக் கேற்ஸ் என்பவர், எவ்வலைநீளம் கிருமியை எத்துணை விரைவாகக் கொல்கிறது என அளந்து கோடிட்டார். அக்கோடு, உயிர்க்கலத்திலுள்ள நியூக்கிளிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் கோட்டை ஒத்திருந்தது. பரம்பரைச் செய்தியைத் தாங்குவது அவ்வமிலமே என்பது அன்று நிறுவப்படவில்லை. 1960இல் ஒல்லாந்தைச் சேர்ந்த போய்கர்சும் பேரென்சும் உண்மையை வெளிப்படுத்தினர். கதிர் படும்போது அவ்வமிலத்தில் அடுத்தடுத்துள்ள தைமீன் மூலங்கள் இரண்டு தம்முள் ஒட்டிக்கொள்கின்றன. ஏட்டின் இரு வரிகள் மையினால் ஒட்டிக்கொண்டாற்போலச் செய்தி படிக்க முடியாததாகிறது. கலம் பிளந்து பெருக வழியற்றுப் போகிறது. பாதரச விளக்கின் கதிர் 253.7 நனோமீற்றர் அலைநீளமுடையது. அமிலம் மிகுதியாக உறிஞ்சுவது 260ஐ அடுத்து. இப்பொருத்தம் இயற்கை தற்செயலாக அளித்த கொடை.

ஆனால் ஒளியால் வந்த காயத்துக்கு ஒளியே மருந்துமாகும். 1949இல் அல்பேட் கெல்னர் என்னும் அமெரிக்கர், கதிரினாற் செத்ததாக எண்ணிய நுண்ணுயிர்கள் சிலவேளை பிழைத்தெழுவதும் சிலவேளை பிழையாதிருப்பதும் கண்டு குழம்பினார். பிழைத்தவை சாதாரண வெளிச்சம் பட்டவை என்பது ஈற்றில் தெரிந்தது. கட்புலனொளியின் துணைகொண்டு அக்காயத்தைத் திருத்தும் நொதியம் பல உயிர்களிடத்து உண்டு, பாசிகளிலும் உண்டு. வெயிலில் விரிந்து கிடக்கும் தோட்டக் குளத்துக்கு இச்செய்தி பொருத்தமுடையது. விளக்கின் முன் விரைந்தோடிச் சிறு காயத்தோடு தப்பிய கலம், வெளியே வந்து வெயிலில் தேறிவிடும். எனவேதான் நீரை மெதுவாகச் செலுத்த வேண்டும் என்பதும், விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும் என்பதும்.

கிருமிநாசினி விளக்கு இன்று வீடுகளிற் பழகிய குழாய்விளக்கின் உடன்பிறப்பே. சாதாரணக் குழாய்விளக்கினுள்ளும் அதே பாதரச ஆவி அதே ஊதாக் கடந்த கதிரை உண்டாக்குகிறது. உட்புறத்துப் பூச்சு அதனை வெள்ளொளியாக மாற்றுகிறது. எஞ்சியதைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. பூச்சை நீக்கி, கதிரை விடும் கண்ணாடியையோ குவாட்சையோ இட்டால் அது கொல்லும் விளக்காகிவிடும். 1930களில் இத்தகைய விளக்குகள் தொழிற்சாலைகளிலே செய்யப்படலாயின. சத்திரசிகிச்சை அறையின் காற்றைத் தூய்மையாக்குவதே அவற்றின் முதல் வேலைகளில் ஒன்று. பின்னர் பிளாத்திக்குத் தாள் விரித்துக் குளம் அமைப்பதும், நீரில் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பியும் எளிதாகியபோது, அவ்விளக்கு தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது.

தோட்டத்திலே மார்செய் நகரத்து ஒழுங்கு தலைகீழாயிற்று. குடிநீர் நிலையத்தில் முதலில் வடி, பின்னர் விளக்கு. குளத்திலோ பெரும்பாலும் முதலில் விளக்கு, பின்னரே வடி. காரணம் யாதெனில், அங்கே நாடப்படுவது தூய்மையன்று, தெளிவு. நுண்பாசிக் கலம் பற்றீரியாவைவிடப் பன்மடங்கு பெரிது. கொல்வதற்கு அதிகக் கதிர் வேண்டும். ஆனாற் கதிர்பட்ட கலங்கள் நீந்தும் வலியிழந்து ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகின்றன. தனித்து நின்றபோது வடியின் இடுக்கில் நுழைந்து தப்பியவை, திரண்டபின் அதிலே சிக்கிக்கொள்கின்றன. அல்லது அடியிற் படிகின்றன. வடியை அடிக்கடி கழுவாதவர் குளத்திலே அப்பாசி அழுகி, உப்புச் சத்தைத் திரும்பவும் நீருக்கே கொடுக்கும். அழுகும்போது மீனுக்குரிய ஒட்சிசனும் குறையும்.

கல்லிலும் சுவரிலும் ஒட்டி வளரும் இழைப்பாசி விளக்கிடம் வருவதில்லை, எனவே சாவதுமில்லை. நீர் தெளிந்தவுடன் வெயில் அடிவரை செல்ல, மிதக்கும் பாசி உண்ட சத்து முழுவதும் அதற்கு உரிமையாகி, தெளிந்த குளத்திலே பச்சை மயிர்க்கற்றைபோல் அது தழைப்பதைக் கண்டு மனஞ்சோர்ந்தவர் பலர். மீனின் கழிவை மாற்றும் நல்ல பற்றீரியாக்கள் வடியிலும் கல்லிலும் பற்றி வாழ்வன ஆகையால் அவையும் விளக்குக்குத் தப்பிவிடுகின்றன, இது நன்மையாயிற்று.

குடிநீர் உலகத்துக்கும் இவ்விளக்கு பின்னர் மீண்டது. அம்மீட்சிக்குக் காரணமான நிகழ்ச்சி துயரமானது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 இலட்சம் மக்கள் வயிற்றோட்டத்தினால் வருந்தினர்; நோயெதிர்ப்பு வலி குன்றியோர் பலர் இறந்தனர். குளோரீன் இட்ட குழாய்நீரே அந்நோயைக் கொணர்ந்தது. கிறிப்ரொஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, தடித்த கூட்டுக்குள் இருந்தபடி குளோரீனை மதியாது வந்திருந்தது. ஊதாக் கடந்த கதிரும் அக்கூட்டைத் துளைக்காது என்றே அன்று பலர் கருதினர். அக்கருத்து பிழை என்பதை 1998இல் கிளான்சியும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினர். கூடு உடையவில்லை, உள்ளேயிருந்த உயிர் பெருகும் வலியை இழந்துவிட்டது. சிறிதளவு கதிரே அதற்குப் போதுமானதாயிற்று. 2013இல் நியூயோர்க் நகரம், நாளொன்றுக்கு 200 கோடி கலனுக்கும் மேற்பட்ட நீரை இக்கதிரின் முன் செலுத்தத்தக்க நிலையத்தைத் திறந்தது. மார்செய் நகரம் தொடங்கியது நூறாண்டு கழிந்து இவ்வளவாயிற்று.

தோட்டக் குளத்து விளக்கு எத்தனை காலம் உழைக்கும்? சுமார் 8,000 மணி நேரம். அதாவது இடையறாது எரித்தால் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பின்னும் அது நீலமாக எரிந்துகொண்டேயிருக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்நீலம் வேலை செய்யும் கதிரன்று. வேலை செய்யும் கதிர் நாளுக்கு நாள் குறைவதைக் கண் அறியாது. குவாட்ஸ் உறையிலே சுண்ணாம்புப் படலம் ஏறினாலும் இதுவே கதி. மூடியைத் திறந்து, எரியும் விளக்கையே உற்றுப் பார்த்து அதன் நலத்தை அறிய முற்படுவோர் கண்ணுக்குக் கேடு தேடிக்கொள்வர்.

இவ்விளக்கைப் பெரிதும் விரும்புவோர் யப்பானிய வண்ணக் கெண்டை வளர்ப்போர். நீகாத்தா மாநிலத்து யாமகோசி மலைக்கிராமங்களிலே நெல்வயலோடு வாழ்ந்த உழவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பொறுக்கி வளர்த்த மீன் அது. 1914இல் தோக்கியோக் கண்காட்சியிலே வைக்கப்பட்டதும் நாடெங்கும் பெயர் பெற்றது. அதன் அழகு முதுகிலே. மேலிருந்து பார்க்கவே அது வளர்க்கப்படுகிறது; நீர் கலங்கினால் மீன் இருந்தும் இல்லாததே. ஆயினும் அம்மலைக் கிராமத்தார் கோடை முழுவதும் அம்மீனை விடுவது மண் கரைந்து, பாசி செறிந்த திறந்த சேற்றுக் குளங்களிலே. அங்கே விளக்கில்லை, எவரும் அதனை விரும்புவதுமில்லை. அந்தக் கலங்கல் நீரிலேதான் உடல் பெருத்து நிறம் ஏறுகிறது என்பது அவர்கள் அனுபவம். இலையுதிர் காலத்திலே, மலையிற் குளிர் இறங்கத் தொடங்கும்போது, குளத்தை வற்றச் செய்து, வலை வீசி, மீனை ஒவ்வொன்றாக எடுத்து, அடிவாரத்துத் தொட்டிகளின் தெளிநீரில் விடுகின்றனர். கோடை முழுவதும் கண்ணிற் படாதிருந்த மீனின் சிவப்பும் வெள்ளையும் எவ்வளவு வளர்ந்தன என்பதை, வளர்த்தவரும் வாங்க வந்தவரும் அப்பொழுதுதான் குனிந்து பார்க்கின்றனர்.